ரெசின் வாடை

ஒட்டு பிய்ந்து வரவில்லை. சிவராஜ் கத்தி முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பினான். கத்திதான் வளைந்தது. பைக்கின் வலப்பக்க ஃபைபர் மூடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வீட்டை ஒட்டிய சந்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் மனைவி ஜெயப்ரியா கிடந்தாள். பெட்டியின் மோட்டார் விட்டு விட்டு உறுமியது.

வாழ்க்கையில் முதல் முறையாக ஒட்டிய ஒட்டு. பாறை மாதிரி பிடித்திருந்தது.

"இன்னாடா பண்ற?" சந்து முனையில் சித்தப்பா கலியாணசுந்தரம் நின்றார். "பொண்டாட்டிய உள்ள போட்டுட்டு வண்டிய ரிப்பேர் பண்ணிக்கினுகீற? சனங்க பாக்குதுடா."

"ரிப்பேர் பண்ணல. பிக்கிறேன்."

"எதுக்கு?"

அவன் கத்தியை மறுபடி ஓரத்தில் கொடுத்தான். சித்தப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்தப் பொண்ணும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்பா, தல வலிக்குதுன்னு. சொன்னா தானே தெரியும்?"

"சொன்னா."

"அதான். சொன்னா கார எடுத்துக்கினு பத்து நிமிஷத்துல போயிருக்கலாம். எழுந்துரு. கைய கழுவு."

அவன் சொன்னது, சொன்னாள் என்று. அவர் காதில் விழுந்தது, சொன்னால் என்று. கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். அவர் முதுகு சந்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கத்தியை ஓங்கி மூடியில் குத்தினான். கத்தி முறிந்தது.

மூடியை உடைத்தவள் ஜெயப்ரியாதான். அம்மா வீட்டுக்குப் போனபோது தென்னேரி ஏரிக்கரையில் ஓட்டிப் பழகுகிறேன் என்று கிளம்பி, திருப்பத் தெரியாமல் கருவேல முள்ளில் கொண்டுபோய்ச் சாய்த்தாள். முழங்கையில் ரத்தம், வாயெல்லாம் சிரிப்பு. "நான் ஒடச்சிட்டேன். நீ ஒட்டு. குடும்பம்னா அப்பிடித்தான்பா."

மூன்று வீடியோ பார்த்துவிட்டு ஆரம்பித்தான். இடப்பக்க மூடியில் கீறல்கள் மட்டும்தான். உப்புத்தாளில் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, போன வாரம் பெயிண்டும் அடித்தாயிற்று. அரக்கு நிறம், அவள் எடுத்தது. ஸ்ப்ரே கேனை ரொம்பக் கிட்டத்தில் பிடித்ததால் இரண்டு இடத்தில் வழிந்து திரண்டுவிட்டது. "மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல அடிச்ச மாரிகீது," என்றாள். காயவிட்டு, தேய்த்து, எட்டத்தில் நின்று மறுபடி அடித்தார்கள்.

வலப்பக்கம் நீள விரிசல். உள்பக்கமாகக் கண்ணாடி இழை வைத்து ரெசின் பசை பூச வேண்டும். கடைக்காரர் நறுக்கிக் கொட்டிய இழைகளை அழுத்திச் செய்த விரிப்பைத்தான் எடுத்துப் போட்டார். சிவராஜ் வேண்டாம் என்றான். தறி வீட்டில் பிறந்தவன். பாவும் ஊடையும் இல்லாமல், சீப்பில் வந்த முடி மாதிரி கிடந்த அதை நம்ப அவனுக்குக் கை வரவில்லை. நெய்த கண்ணாடித் துணியைக் கேட்டு வாங்கினான். "புதுசா பண்றவங்களுக்கு அது வளைவுல படியாது சார்," என்றார் கடைக்காரர். துணியைப் பற்றி எனக்குச் சொல்கிறான் பார் என்று நினைத்துக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெசினில் ஹார்ட்னரைக் கலந்தான். கலந்துவிட்டால் கால் மணி நேரம், அதற்குமேல் இறுகிவிடும். துணி படியவில்லை. இந்த ஓரத்தை அழுத்தினால் அந்த ஓரம் எழுந்தது. உள்ளே காற்றுக் குமிழ்கள். பிரஷ்ஷால் குத்திக் குத்தி அவற்றை விரட்டிக்கொண்டிருந்தான்.

"சிவா, தல ஒருமாரி இருக்குதுபா."

"ரெசின் வாடை. போயி காத்தாட உக்காரு."

போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நின்றாள்.

"காத்தாட உக்காந்தாலும் வலிக்குது. எப்பவும் மாரி இல்லபா."

ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தான். வலக் காதுக்குப் பின்னால் கையை அழுத்திக்கொண்டு நின்றாள். உடனே குனிந்துகொண்டான். "பத்து நிமிஷம் ஜெயா. இறுகுது. உட்டா அவ்ளோதான், எல்லாம் வேஸ்ட்டு."

"சரி," என்று உள்ளே போனாள். துணி ஒருவழியாகப் படிந்தது. ரெசின் கிண்ணம் கை பொறுக்காத சூடு ஏறியிருந்தது. அப்போதுதான் சமையலறையில் பாத்திரங்கள் உருண்ட சத்தம் கேட்டது.

எப்போது தலைவலி ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். "இப்பத்தான் சார்," என்றான். அந்தப் பொய்க்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால் என்று அவன் கேட்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது.

கையைக் கழுவினான். விரல்களில் காய்ந்த ரெசின் போகவில்லை. முழங்கையில் ஏறிய கண்ணாடித் தூள் தண்ணீர் பட்டதும் சுருக்கென்றது.

கூடத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கிருத்திகைன்னு வெறும் வயித்துல இருந்தாளாமே."

"இருந்தா இருக்கட்டும், வலிக்குதுன்னா வாய தொறக்கக் கூடாதா? வெளிய ஆம்பள உக்காந்துகினுதானே இருந்தான்."

"பாவம், அவனுக்கு இன்னா தெரியும்!"

சிவராஜ் சுவரோடு நின்றான். பெட்டியைத் தெருவில் கவிழ்த்து, அத்தனை பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது. விடிந்ததிலிருந்து ஆளுக்கொரு வார்த்தையாகச் சேர்த்து, அவள் சாவை அவள் தலையிலேயே கட்டிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்துப் பரிதாபமாக உச்சுக் கொட்டினார்கள். அவனும் காலையிலிருந்து அந்த உச்சை வாங்கிக்கொண்டுதான் இருந்தான்.

எண்ணெய் சீயக்காய் வைத்து முடித்து, மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். தென்னேரியிலிருந்து வந்த கோடிப் புடவையைக் கட்டிக் கூடத்துப் பெஞ்சில் கிடத்தினார்கள். குங்குமம் வைக்க அவனைக் கூப்பிட்டார்கள். தலைமாட்டில் ஜெயப்ரியாவின் அம்மா எல்லம்மாள் ஈரத் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். சிக்கில் மாட்டிய சீப்பை வெடுக்கென்று இழுத்தாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்தயே சொல்லாம பண்ணிக்கினவ. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு போன் பண்றா. இவ மண்டவலியவா சொல்லப்போறா? நெஞ்சழுத்தக்காரி. சின்னதுல கால்ல முள்ளு ஏறி, சீழ் புடிக்கிற வரிக்கும் சொல்லல." இன்னொரு இழுப்பு. பெஞ்சில் தலை அசைந்தது. "சொன்னா தானேடி தெரியும்? சொன்னா தானே மாப்ள?"

"சொன்னா அத்தே."

"ஆமா, சொன்னா ஓடியாந்து..."

"அது இல்ல." குரல் தெருவரை கேட்டது. "அவ சொன்னா. எங்கிட்ட சொன்னா. ரெண்டு தரம் வந்து நின்னு சொன்னா. எப்பவும் மாரி இல்லன்னு சொன்னா. நான்தான் வண்டி வேலய உட்டு எழுந்துக்கல. ரெசின் வாடைன்னு தொரத்தி உட்டேன். டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன். இனிமே யாராவது அவ சொல்லலன்னு பேசினீங்கன்னா..." 

கூடத்தில் விசிறிக்கொண்டிருந்த கைகூட நின்றது.

"டேய்." சித்தப்பா உள்ளே வந்தார். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்கம்மா. ரெண்டு நாளா தூக்கம் இல்ல, ஏதோ ஒளர்றான்."

"வாய மூடு சித்தப்பா."

சிவராஜ் எல்லம்மாளின் கைக்கு எட்டுகிற தூரத்தில் போய் மண்டியிட்டான். சீப்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை ஓங்கினால் போதும். ஓங்கவில்லை.

"ரெண்டு தரமா?"

"ரெண்டு தரம்."

"வாய தொறந்து சொன்னாளா?"

"சொன்னா அத்தே."

எல்லம்மாள் மகள் முகத்தைப் பார்த்தாள்.  பிறகு, அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எந்தப் பக்கம் வலிக்குதுன்னா?"

 அவன் தன் வலக் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினான்.

"நேரமாவுதுமா, சீக்கிரம்," என்று வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள்.

எல்லம்மாள் சீப்பை மடியில் போட்டாள். வலப்பக்கத்து ஈர முடியை உள்ளங்கையில் ஏந்தி, வெறும் விரல்களால், வலிக்காமல், ஒவ்வொரு இழையாகச் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.