உறை பிரிக்காத மெத்தை

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். கொட்டாம்பட்டி மருது, அவர் மனைவி முருகம்மாள், மருதுவின் தங்கை மலையம்மாள், மருதுவின் ஒரே மகள் பவதாரிணி, கே.கே. நகரில் அவளோடு ஒரே வாடகை வீட்டில் இருந்த பள்ளி ஆசிரியை தீப்தி. ஆறாவதாகத் தானும் இருந்து பார்த்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மருதுவின் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்தான். ஆனால் எதிரே யார் வந்தாலும் தோளில் கிடந்த துண்டை அவர் இறக்கியதில்லை. அதற்காக அடி வாங்கினார். துண்டு தோளிலேயே கிடந்தது. அந்த வீட்டில் யாரும் யார் காலிலும் விழுவதில்லை, பொய் சொன்ன பிள்ளைக்கு அன்று சோறு இல்லை. அப்படி வளர்ந்த பவதாரிணி இருபத்தொன்பது வயதில் நாளுக்கு நாலு பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வருகிறோம் என்று ஊரிலிருந்து போன் வந்தால் போதும், வேலை தொடங்கிவிடும். சுவரில் இருவரும் சேர்ந்து நிற்கும் போட்டோவைக் கழற்ற வேண்டும். ஒரே டம்ளரில் நிற்கும் இரண்டு பிரஷ்ஷைப் பிரித்து வைக்க வேண்டும். ஜன்னலோரம் கிடக்கும் இரண்டாவது கட்டிலில் தீப்தியின் புடவைகளையும் பரீட்சைப் பேப்பர்களையும் பரப்ப வேண்டும். "இன்னைக்கு என்னை 'நீங்க'ன்னு கூப்புடு" என்று கடைசியாக ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டும். நான்கு வருடமாக இதே கதை. பவதாரிணி ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்பவள். நெஞ்சு படபடத்துத் தூக்கம் கெட்டு எட்டுக் கிலோ குறைந்தபோது, தன் ரத்தத்தையே எடுத்துத் தைராய்டு பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "கல்யாணம் பண்ணிக்கோ, சரியாயிடும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்ததும் கல்யாணத்துக்காகத்தான். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் பாண்டியராஜன் வீட்டார் வெள்ளிக்கிழமை வந்து பூ வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பூ தலையில் ஏறிவிட்டால் பெண் அவர்களுடையவள். அதற்குப் பிறகு பேச்சு மாறுகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. மகளைக் கையோடு கூட்டிப்போக வந்திருந்தார் மருது.

முருகம்மாள் எப்போதும் போல மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மல்லிகை வாங்கி வந்திருந்தாள். சரத்தை இரண்டாகக் கிள்ளி ஒன்றை மகளுக்கு வைத்தாள், மற்றதைத் தீப்திக்கு வைத்தாள். "டீச்சரம்மா, நீங்களும் வெள்ளிக்கிழமை வந்துரணும். நீங்கதான இவளுக்குச் சேலை கட்டி விடணும்" என்றாள். தீப்தி தலையாட்டினாள். பவதாரிணி அடுப்படிக்குள் போய், காரணமே இல்லாமல் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். எப்படியாவது இந்த ஒரு வெள்ளிக்கிழமையைத் தள்ளிவிட வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்தது. மலையம்மாளுக்குக் கண்ணைச் சொருகியது.

"அண்ணே, சித்த நேரம் சாயுறேன். மதினி, பஸ்ஸுக்கு நேரமானா எழுப்பு. குறட்டை விட்டா எழுப்பாத, அது நா இல்ல, ஃபேனு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் புடவைகளை ஒதுக்கிவிட்டு ஜன்னலோரக் கட்டிலில் படுத்தாள். படுத்ததும் மெத்தை சரசரவென்று சத்தம் போட்டது. எழுந்து உட்கார்ந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"ஏத்தா, இதுல எப்படிப் படுக்குறீக? வேர்த்து வழியாது?"

"நேத்துதான் வாங்குனோம் அத்தை" என்றாள் பவதாரிணி.

"தூசி அலர்ஜி, அதான் பிரிக்கல ஆன்ட்டி" என்றாள் தீப்தி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. நான்கு வருடத்தில் பிரஷ், போட்டோ, போனில் பதிந்த பெயர் என்று எல்லாவற்றையும் யோசித்தவர்கள், யாராவது அந்தக் கட்டிலில் படுப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

மலையம்மாள் உறையை விரலால் தடவினாள். மடிப்புகளில் தூசி கறுத்து, பிளாஸ்டிக் மஞ்சள் பூத்திருந்தது. அவள் மற்றொரு கட்டிலைப் பார்த்தாள். அதில் இரண்டு தலையணைகள் இருந்தன. பிறகு மதினியை நிமிர்ந்து பார்த்தாள்.

முருகம்மாள் எழுந்து வந்தாள். தீப்தியின் தலையிலிருந்த பூவை உருவி எடுத்தாள்.

"அம்மா..."

"பேசாத." மருதுவின் குரல் தணிந்தே வந்தது. "துணியை எடுத்து வை. வெள்ளிக்கிழமை பூ வைக்கிறாக. அம்புட்டுதான்."

"நா போயிடுறேன் அங்கிள்" என்றாள் தீப்தி. "நா ரூம் மாத்திக்கிறேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் அப்படிச் சொன்னதுதான் பவதாரிணியைத் தள்ளியது. தடாலென்று அப்பாவின் காலடியில் விழுந்தாள்.

"என்னால முடியலப்பா. இன்னொருத்தன் வீட்டுல போய் இதே பொய்யைச் சாகுற வரைக்கும் சொல்ல முடியாது. என்னை விட்டுருங்க. எதையாவது குடிச்சிருவேன்னு எனக்கே பயமா இருக்குப்பா."

மருது காலை இழுத்துக்கொண்டார்.

"எந்திரி. நம்ம வீட்டுல யாரும் யார் கால்லயும் விழுறதில்ல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி. நின்னே சொல்றேன். நா வரல."

மருது எழுந்து வாசலுக்கு வந்தார்.

"இழுத்துட்டுப் போறது நம்ம வழக்கமில்ல. இரு. ஆனா கொட்டாம்பட்டிக்கு வராத. நா செத்தாலும் உனக்குச் சொல்லி விட மாட்டாக."

தோள் துண்டைச் சரி செய்துகொண்டு படியிறங்கினார். மலையம்மாள் பின்னால் போனாள். முருகம்மாள் வாசலில் ஒரு கணம் நின்றாள். மகள் ஓர் அடி எடுத்து வைத்ததும், அவளும் இறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் பவதாரிணி கத்தரிக்கோலால் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எடுத்தாள். மெத்தையில் விரிப்புப் போட்டாள். தலையணை வைத்து, யாரோ படுத்து எழுந்தது போல நடுவில் கையால் அமுக்கினாள்.

"யாருக்குடி இது? இனிமே யார் வரப்போறா?" என்றாள் தீப்தி.

"தெரியல" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அமுக்கினாள். அம்மாவின் எண்ணுக்கு அன்று பதினேழு தடவை அழைத்தாள். பதினெட்டாவது தடவை போன் அணைக்கப்பட்டிருந்தது.

பாண்டியராஜன் வீட்டுக்கு மருதுவே போன் செய்து, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்று அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பொய் சொல்ல அவருக்கு வராது.

செல்லூரில் தறி ஓட்டும் ஒரு பையனோடு பவதாரிணி ஓடிப்போய்விட்டாள் என்று கொட்டாம்பட்டியில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. பையன் யாரும் கிடையாது. அவள் எங்கும் ஓடவில்லை. கே.கே. நகரில் அதே வீட்டில் தீப்தியோடு இருக்கிறாள்.