கொப்பிக்குக் கொடுத்த குளிசை

காலை ஏழு மணிக்கே கிளினிக்கில் சனம் நிரம்பிவிட்டது. சுசிலா வழக்கம்போலக் கணவன் இன்னாசித்தம்பிக்கு மருந்து எழுதும் கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தாள். மூன்று வருடமாக மாதம் தவறாமல் கொப்பிதான் வந்தது, இன்னாசித்தம்பி வந்ததில்லை. அவர் களப்பில் இறால் வலையோடு நிற்பார். நெஞ்செரிவுக்கு ஆள் எதற்கு, விழுங்கக் குளிசை கிடைத்தால் போதாதா? கரையோரத்தில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான்.

"அக்கா, இந்தக் குளிசையை நிப்பாட்டியாச்சு. அதிலை கூடாத சாமான் இருக்காமெண்டு திருப்பி எடுத்திட்டினம்," என்றாள் தாதி பிரஷாந்தினி.

"ஐயோ மிஸ்ஸி, அப்ப இவருக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

"வேறை குளிசை இருக்கு. ஆனா டொக்டர் ஆளைப் பாத்துத்தான் எழுதுவார். வாற செவ்வாய் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வீட்டில் இதைச் சொன்னதும் இன்னாசித்தம்பி சீறி விழுந்தார். "இறால் படுற நேரத்திலை என்னைப் போய்க் குந்தச் சொல்லுறியே? அப்பச்சோடாவைக் கரைச்சுத் தா."

கரைத்துக் கொடுத்தாள். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. சுகம் வந்துவிட்டதென்று இருவரும் நம்பினார்கள். அந்தச் செவ்வாய் போனது, அடுத்ததும் போனது, ஏழெட்டு மாதமும் போயிற்று. கட்டிய சாரம் அவர் இடுப்பில் நிற்கவில்லை. சோறு இறங்காமல் கஞ்சி கேட்டார். "வெயில்தான் மெலிய வைக்குது," என்று அவர் சொன்னதை அவளும் ஒத்துக்கொண்டாள். எப்படித்தான் ஒத்துக்கொண்டாளோ, பாவி!

அவர் கறுப்பாக வாந்தி எடுத்த அன்றுதான் ஆட்டோ பிடித்தாள். பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். இரைப்பையில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது.

"முந்தியே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம், அம்மா. கடைசியா இவரை எந்த டொக்டர் பாத்தவர்?"

"மூண்டு வருசத்துக்கு மேலை ஒருத்தரும் பாக்கேல்லை, ஐயா," என்றவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கட்டிலில் கிடந்த இன்னாசித்தம்பி அவள் கையைப் பிடித்தார். "மிஸ்ஸி சொன்ன மற்றக் குளிசை இப்ப தருவினமே?"

"ஓம், தருவினம்," என்றாள் சுசிலா.

வெளியே காத்திருந்த அண்ணன் மனைவி, மச்சாள் றெஜினா, "என்னவாம்?" என்று பதறினாள். சுசிலா அவள் தோளில் விழுந்து குமுறினாள்.

"ஆளைக் கொண்டுவா எண்டவை மச்சாள், நான் கொண்டுபோகேல்லை. மூண்டு வருசமும் கொப்பிக்குத்தான் மருந்து எடுத்தனான், மனிசனுக்கு எடுக்கேல்லை. அண்ணையின்ரை கொப்பியையும் நீதானே கொண்டு திரியிறாய்? நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு."