மடை அடைத்த நாட்கள்

செல்லதுரைக்கு முதலில் வலது காலில் செருப்பு தங்காமல் போயிற்று. வரப்பில் நடக்கும்போது செருப்பு பின்னால் கிடக்கும். அவர் அது தெரியாமல் முன்னால் போய்க்கொண்டிருப்பார். மனைவி அம்சம் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். "காலு ரெண்டும் ஸ்ட்ரைக் பண்ணுதுங்க, கூலி ஒசத்திக் கேக்குதோ என்னமோ" என்று டீக்கடையில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். அடுத்த சம்பா நடவின்போது சேற்றில் வைத்த காலை அவரால் பிடுங்க முடியவில்லை. அப்போது நாற்பத்தாறு வயது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பங்குனியில் முடிவு வந்தது. நரம்பு டாக்டர் ஓர் இளவயதுப் பெண். கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். ரோஜா நிறத் திட்டுகளுக்குள் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் நீலத்தில் கரை கட்டியிருந்தது.

"என்ன வேலைம்மா பாக்குறீங்க?" என்று அம்சத்திடம் கேட்டார்.

"வெவசாயங்க. குத்தகை நெலம், ஒன்றரை ஏக்கர். கொடவாசல் பக்கம்."

"அப்ப ஒங்களுக்குச் சொன்னா புரியும். அறுப்பு முடிஞ்சதும் வயல்ல நிக்கிற தாளை என்ன பண்ணுவீங்க?"

"மடக்கி உழுதுடுவோம். மக்கி எருவாயிடும்."

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லும் அதத்தான் பண்ணுது. பழசு, ஒடஞ்சது, கெட்டுப்போனது எல்லாத்தையும் ஒரு பையில கட்டும். அரைக்கிற எடத்துக்கு அனுப்பும். அரைச்சு வந்தத வச்சுப் புதுசு செஞ்சுக்கும். சதையும் நரம்பும் கடைசி வரைக்கும் பெரும்பாலும் அதே செல்ல வச்சுத்தான் ஓட்டணும். அதுங்களுக்கு இந்த வேலை நிக்கக் கூடாது. இவருக்குப் பொறப்புலயே அதுல ஒரு கோளாறு. பை கட்டுது, அரைபட மாட்டேங்குது. இந்த ஓட்டையெல்லாம் அதுதான்."

"இத்தினி வருசம் நல்லாத்தானேங்க இருந்தேன்?" என்றார் செல்லதுரை.

"சேர்ந்துக்கிட்டே இருந்திருக்குங்க. இப்பதான் வெளியில தெரியுது."

மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். நன்றாகச் சாப்பிடவேண்டும், முட்டை, மீன், பருப்பு. மூச்சு வாங்கினால் உடனே வரவேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லோருக்கும் சொல்லும் முட்டையும் மீனும் அம்சத்தின் காதில் நிற்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் மனத்தில் மக்காத தாள்தான் கிடந்தது.

அந்த நேரத்தில் நிலத்துக்கும் ஒரு வழக்கு இருந்தது. செல்லதுரையின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். கழக ஆட்சி வந்த புதிதில், குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்காக அறுப்பு நாளில் வயலில் குறுக்கே படுத்து, மண்டையில் ஏழு தையல் வாங்கிக்கொண்டவர். அந்தப் பெயர் இப்போது செல்லதுரை மேல் இருந்தது. நிலத்துக்காரர்கள் சென்னைக்குப் போய் இரண்டு தலைமுறை ஆயிற்று. அவர்களுடைய காரியஸ்தர் இராஜாங்கம் மனுப் போட்டிருந்தார்: குத்தகைதாரர் நடமாட்டம் இல்லாதவர், சொந்த உழைப்பில் சாகுபடி செய்யவில்லை, ஆகவே நிலத்தை மீட்டுத் தரவேண்டும். ஆடி மாதம் தாசில்தார் வயலுக்கே வந்து பார்ப்பதாக நோட்டீஸ் வந்தது.

"ஆடிக்குள்ள நான் வரப்புல நிக்கணும் அம்சு. எங்கப்பன் படுத்து வாங்குன நெலம். நான் படுத்துக் கெடந்து விட்டுடக் கூடாது" என்றார் செல்லதுரை.

சித்திரையில் வீட்டுக்கே வந்து கைகால் பயிற்சி கொடுக்கும் அரசாங்கத் திட்டத்தில் ஷம்சாத் வந்தாள். நாகூர்ப் பெண். வாரம் ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து செல்லதுரையின் காலை மடக்கி நீட்டுவாள். அது நோன்பு மாதம். வெயிலில் அத்தனை தூரம் வந்தவள் தண்ணீர்கூட வேண்டாமென்றாள்.

"பச்சைத் தண்ணி குடிக்காம என் காலைத் தூக்குறியே பாப்பா. ஒனக்குப் பட்டினிதான் பலம் போலருக்கு" என்றார் செல்லதுரை.

"பழக்கம்ணே. ஆனா நோயாளிக்கு எங்களுக்கே சலுகை உண்டு. நீங்க அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. மூணு வேளையும் சாப்பிடுங்க."

அம்சம் அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தைய வருடம் நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. கோடைப் பயிர் மெஷின் அறுப்பு முடிந்து, அவசரத்தில் பச்சைத் தாளோடு ரோட்டவேட்டர் ஓட்டிக் குறுவை நட்டுவிட்டார்கள். இருபதாம் நாள் பயிர் மஞ்சளாகி நின்றது. காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழி வந்தது, கூமுட்டை நாற்றம் அடித்தது. ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுப்பு. விவசாய ஆபீசர் வந்து பார்த்தார். "தாள் மக்கல. தண்ணி கட்டிக் கெடக்குற வரைக்கும் இப்படித்தான். மடைய அடைச்சு, வடிகால வெட்டி விடுங்க. தலைமுடி கனத்துக்கு வெடிப்பு விடுற வரைக்கும் காயட்டும். அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலுமா, காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணி வைங்க" என்றார். மடையை அடைத்தவள் அம்சம்தான். ஐந்தாம் நாள் வெள்ளை வெள்ளையாகப் புதுவேர் இறங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் செல்போனில் தேடினாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எதையும் இரண்டு தரம் வாசிக்காமல் நம்பமாட்டாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வீடியோவில் பேசினார். வயிறு காய்ந்தால் செல் தன் குப்பையைத் தானே தின்னும். வெளிநாட்டில் பெரிய பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு இது. டாக்டரம்மா சொன்ன அதே பையும் அதே அரைக்கிற இடமும் படத்தில் வந்தன. அம்சம் அதையும் இரண்டு தரம் பார்த்தாள்.

"என்னங்க, வயலுக்குப் பண்ணுன மாதிரி பண்ணிப் பாப்பமா? ஒரு நாள் பாய்ச்சல், ஒரு நாள் காய்ச்சல்."

செல்லதுரை சிரித்தார். "வடிகால எங்க வெட்டப் போற?" பிறகு, "சரி. நீ மடை அடைச்சு எந்தப் பயிரும் வீணாப் போனதில்ல" என்றார்.

ஒரு நாள் சோறு, மறுநாள் வெறும் தண்ணீர். காய்ச்சல் நாட்களைச் சுவரில் தொங்கிய காலண்டரில் பென்சிலால் சுழித்தாள். மூன்றாம் வாரம், "காலு லேசா இருக்குற மாதிரி தெரியுது அம்சு" என்றார். அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற முன்பு பக்கத்து வயல்கார கோவிந்தராசுவைக் கூப்பிடுவாள். இப்போது அவளே தூக்கினாள். உடம்பு கரைவதால்தான் கால் லேசாகிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

ஷம்சாத்துக்குத் தோன்றியது. "அண்ணனப் பெரட்டுறது ரொம்ப சுலபமா இருக்கேக்கா. ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறாரும்மா" என்றாள் அம்சம். அதற்கு முன் அந்தப் பெண்ணிடம் அவள் பொய் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால் நிறுத்தச் சொல்வாள் என்று தெரியும். ஆடிக்கு முப்பது நாள்தான் இருந்தது.

ஆனிக் கடைசியில் ஒரு காய்ச்சல் நாள். மதியம் நல்ல புழுக்கம். செல்லதுரை பானை இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"ஒரு லோட்டா நீராகாரம் குடேன் அம்சு. சோறு வேணாம். வெறும் நீராகாரந்தான்."

"இன்னும் பாதி நாள்தாங்க. காலைல தரேன். ரெண்டு சின்ன வெங்காயமும் வச்சுத் தரேன்."

"சரி" என்றார். திரும்பிப் படுக்க முயன்றார், முடியவில்லை. அவள்தான் திருப்பிவிட்டாள்.

ஆடியில் தாசில்தார் வந்தார். குறுவை நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. செல்லதுரையை நாற்காலியோடு தூக்கி வரப்பில் வைத்தார்கள். ஒரு பக்கம் கோவிந்தராசு, ஒரு பக்கம் அம்சம். ஜீப் நின்றதும் இரண்டு கைத்தடியை ஊன்றி அவர் எழுந்து நின்றார். வேட்டிக்குள் கால்கள் நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்தாறு மூச்சுதான். முழங்கால் மடங்கி, வரப்பு சரிந்து, பக்கவாட்டில் சேற்றில் விழுந்தார்.

"பாருங்கய்யா. நிக்கவே முடியாத ஆளு சாகுபடி பண்றாராம்" என்றார் இராஜாங்கம். அவர் குரலில் ஏளனம்கூட இல்லை.

தாசில்தார் செல்லதுரையைத் தூக்கச் சொல்லிவிட்டு அம்சத்தைப் பார்த்தார். "என்ன ரகம்மா?"

"கோ அம்பத்தொண்ணுங்க."

"எத்தன நாள் நாத்து நட்டீங்க?"

"இருவத்திரண்டு நாளுங்க. நான்தான் பறிச்சேன். நடவுக்கு எங்கூட நாலு பொம்பளைங்க வந்தாங்க."

"தண்ணி பாக்குறது யாரு?"

"நான்தாங்க."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு இராஜாங்கத்திடம் திரும்பி, "குடும்பத்துல யார் ஒழைச்சாலும் சட்டத்துக்குப் போதும்யா. ஒங்களுக்குத் தெரியாததா? இந்த ஆளு எதுக்கு எழுந்து நிக்கணும்? நான் நிக்கச் சொல்லவே இல்லையே" என்றார்.

கன்னத்தில் சேறு வழிய நாற்காலியில் கிடந்த செல்லதுரை அம்சத்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

அன்று ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கியது. தஞ்சாவூருக்கு எடுத்துப் போனார்கள். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டுப் பழைய சீட்டைப் பார்த்தார். மறுபடி எடை பார்த்தார். பதினோரு கிலோ குறைந்திருந்தது. அம்சம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். காலண்டரைக்கூடப் பையில் கொண்டுவந்திருந்தாள். எடுத்துக் காட்டினாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அந்த வீடியோக்காரர் சொன்னது நோயில்லாத ஒடம்புக்கும்மா. பசிச்சா செல்லு நெறைய பை கட்டும், நெசந்தான். ஆனா இவருக்குக் கட்டுறதுல கோளாறு இல்ல. அரைக்கிறதுலதான். வயிறு காயக் காயப் பைதான் கூடியிருக்கும்."

"அப்ப நான்தானா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. இது நிக்காத வியாதி. நீங்க சோறு போட்டிருந்தாலும் இங்கதான் வந்து நின்னுருக்கும்."

"எப்ப வந்திருக்கும்?"

டாக்டரம்மா சீட்டில் ஏதோ எழுதத் தொடங்கினார். "அது யாருக்கும் தெரியாதும்மா" என்றார், எழுதிக்கொண்டே.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். அம்சம் முட்டையும் கெண்டை மீனும் பருப்புமாகச் சமைத்தாள். முள்ளெடுத்து, மசித்து, வாயில் வைத்தாள். மெல்லும் சதையும் தளர்ந்துபோய், ஒவ்வொரு வாய்க்கும் அவர் நேரம் எடுத்துக்கொண்டார். பாதி கடைவாயில் வழிந்தது. "இப்ப மடைய முழுசாத் தொறந்துட்டே. வயலுதான் ஏத்துக்க மாட்டேங்குது" என்று ஒருநாள் சொன்னார். அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மார்கழியில் சளி கட்டியது. இருமித் துப்ப மூச்சில்லை. நான்காம் நாள் காலையில் போய்விட்டார்.

கருமாதிக்குப் படைத்த இலையில் அம்சம் ஒரு லோட்டா நீராகாரமும் இரண்டு சின்ன வெங்காயமும் வைத்தாள். பெரியவர்கள் என்ன முறை இது என்றார்கள்.

தையில் தாசில்தார் ஆபீசிலிருந்து ஆணை வந்தது. நிலத்துக்காரர் மனு தள்ளுபடி. குத்தகைப் பதிவேட்டில் வாரிசாக அம்சத்தின் பெயர் ஏறியது.

அடுத்த குறுவைக்கு முன் மறுபடி மெஷின் அறுப்பு, மறுபடி அவசர உழவு. உதவிக்கு ஆள் இல்லை. நட்ட இருபதாம் நாள் பயிர் மஞ்சளாயிற்று. இறங்கிக் காலை வைத்ததும் குமிழி வந்தது, அதே நாற்றம் வந்தது. யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை. அம்சம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனாள்.

இரண்டு வெட்டு மண் போட்டால் போதும். ஒரு வெட்டை எடுத்தாள். தண்ணீர் மடைவாயில் சளசளவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. மண்வெட்டியில் இருந்த மண் கரைந்து விளிம்பில் சொட்டியது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

பக்கத்து வயலிலிருந்து கோவிந்தராசு பார்த்துவிட்டு வந்தான். "என்னக்கா, வந்ததுலேருந்து நிக்கிற? பயிரு மஞ்சளாக் கெடக்கு. மடைய அடைக்க வேண்டியதுதானே?"

"நீ அடைச்சுடு தம்பி."

மண்வெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்க்கத் திரும்பி வரப்பில் உட்கார்ந்தாள். பின்னால் இரண்டு தரம் மண் விழுந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றது.