பிலோமினாவின் அவசரக் கண்

ஆலங்கிணற்றில், முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்ததும் என்னவென்று நினைக்கிறோமோ, அவர் அதுவாகவே ஆகிவிடுவார். நினைத்தவரே எதிரில் நின்று, அவர் காதில் விழும்படி "தப்பா நினைச்சிட்டேன்" என்று சொன்னால்தான் பழையபடி மாறுவார். அதனால் புதியவர் வந்தால் அங்கே எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க யாரு?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே கண் திறப்பார்கள். மரியாதை தெரிந்த ஊர்.

பிலோமினாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தெருவில் போகிறவர்களை நிறுத்திப் படம் எடுப்பவள். கண்ணை மூடினால் வெளிச்சம் போய்விடும் என்பாள். வீட்டுக்கு ஒரே பிள்ளை, அதட்டித் திருத்தவும் ஆளில்லை. போன வாரம் ஒரு பேங்க் மேனேஜரைத் தவில்காரராக்கிவிட்டாள். மன்னிப்புக் கேட்கப் போனால் காதைப் பொத்திக்கொள்கிறார். கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.

அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் காக்கிச் சட்டையும் அக்குளில் தோல்பையுமாக ஒருவர் நின்றார். நல்ல முகம். கண்டக்டர் என்று நினைத்துக்கொண்டே போய், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"தாராளமா எடுங்க. நான் நெல்லையப்பன், மாட்டு வைத்தியர். மேலத்தெரு செண்பகத்தைப் பொண்ணு பாக்கப் போயிட்டிருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் வாயில் விசில் முளைத்தது. ஊதிக்கொண்டே ஓடிப்போய், கிளம்பிய பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

அந்த வீட்டில் மாட்டு வைத்தியருக்காகத்தான் கேசரி கிண்டியிருப்பார்கள். தன்னால் ஒரு கல்யாணம் நின்றுபோவதா? பிலோமினா ஆட்டோ பிடித்து பஸ்ஸை விரட்டினாள்.

நெல்லையப்பன் கடமை தவறாத கண்டக்டர். பஸ்ஸைச் செண்பகம் வீட்டு வாசலிலேயே நிறுத்தி இறங்கி, "டிக்கெட், டிக்கெட்" என்று கூடத்துக்குள் போனார். கண்மூடி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் மடியில் சில்லறை தேடினார்கள். செண்பகம் கண்ணை மூடியபடி காபித் தட்டோடு வந்தாள்.

பிலோமினா குறுக்கே பாய்ந்தாள். "அண்ணே, உங்களைத் தப்பா நினைச்சிட்டேன்."

விசில் மறைந்தது.

"நீங்க யாரு?" என்றாள் செண்பகம்.

"நெல்லையப்பன். மாட்டு வைத்தியர்."

கண் திறந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்தது. பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிலோமினாவுக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. வெட்கத்தில் முறை தவறிய செண்பகம், மூச்சிரைக்க நின்ற அவளை யாரென்று கேட்காமலேயே பார்த்து, மாப்பிள்ளையின் அக்கா என்று நினைத்துவிட்டாள்.

"ஏலே, சூடா இருக்கு. ஆத்திக் குடி," என்றாள் பிலோமினா.

"சரிக்கா," என்றான் நெல்லையப்பன்.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் சொல்லி விஷயம் தெரிந்து, செண்பகம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிலோமினா காதை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.

கிளம்புமுன் எல்லாரையும் வாசலில் நிறுத்தி, கேமராவில் டைமர் வைத்துவிட்டு ஓடிவந்து, அவளே ஒரு படம் எடுத்தாள். படத்தில் அவள் நடுவில், தம்பி தோளில் கை போட்டபடி நிற்கிறாள்.