உப்புப் பார்க்காத கஞ்சி

1

உண்மையைச் சொல்லிடுறேன்: இது கதையா ஆரம்பிக்கல. நாக்கைப் பத்தி ஒரு பத்திரிகையில கட்டுரை கேட்டாங்க. "பூனைக்கு இனிப்பு தெரியாது. ஈ காலாலேயே ருசி பார்க்கும். மாட்டு நாக்கில் நம்மைவிடச் சுவை மொட்டுகள் அதிகம். மனிதனோ..." வரைக்கும் எழுதியிருந்தேன். அப்பத்தான் பக்கத்து வீட்டு தவ்பீக் வந்தான். எங்க தெருப் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சிக்கு அவன்தான் மாஸ்டர்.

"அண்ணே, காய்ச்சல் விட்டதுலேருந்து நாக்குல உப்பு, புளி ஒண்ணுமே தெரியல. சிஹாபுதீன் பாய் வாடிப்பட்டியிலேருந்து வேற ஆளைக் கூட்டியாரப் போறாராம்."

மனிதன் அங்கேயே பாதியில நிக்கிறான். கட்டுரை அம்புட்டுதான்.

2

[முதல் வரைவில் தவ்பீக்கை அழவச்சிருந்தேன். அடிச்சுட்டேன். அவன் அழுற ஆள் இல்ல, மல்லுக்கு நிக்கிற ஆள்.]

கஞ்சிப் பொறுப்பு சிஹாபுதீன் பாயோடது. நேரா அவர்கிட்டயே போனான். நானும் பின்னாடியே போனேன்.

"ருசி தெரியாம எப்படிப்பா காய்ச்சுவே?"

"வாடிப்பட்டிக்காரரும் நோன்புதானே பாய்? பகல்ல அவரு மட்டும் உப்புப் பாப்பாரா?* இம்புட்டு வருசமா என் கைதான் உப்புப் போட்டுச்சு. நாக்கு சும்மாதான் கெடந்துச்சு."

பாய் தாடியைத் தடவினார். "இன்னைக்கு ஒருநா பாப்போம். சரியில்லேன்னா நாளைக்கு வேற ஆளு."

(*நுனிநாக்கில் வச்சுத் துப்பிடலாம்னு சலுகை உண்டு. எங்க தெருவுல யாரும் அதை எடுத்துக்கிறதில்ல.)

3

இனி நான் கதைக்குப் பின்னாடி ஒளிய முடியாது. சாயங்காலம் அண்டாவுல கஞ்சி கொதிக்குது. அங்க நோன்பு இல்லாதவன் நான் ஒருத்தன்தான். பாய் கரண்டியை என்கிட்ட நீட்டினார்.

"நீங்க ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க."

எழுதுறவனுக்கு வேறென்ன வேணும்? கதையோட முடிவே என் நாக்குல! கரண்டியை வாங்கி ஊதி, வாய்க்கு...

"பாக்காதீங்கண்ணே," என்றான் தவ்பீக். "நான் போட்ட உப்பு எனக்குத் தெரியும்."

கரண்டியை வச்சுட்டேன். அவன் பாட்டுக்குக் கிண்டிக்கிட்டிருந்தான். நான்தான் அண்டாவையே சுத்திச் சுத்தி வந்தேன்.

4

முடிவு ஒன்று: உப்புக் கரிச்சது. (கிழிச்சுப் போட்டாச்சு.)

முடிவு இரண்டு: முதல் வாயிலேயே தவ்பீக்குக்கு ருசி திரும்பிடுச்சு, எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. (போதும், எனக்கே சகிக்கல.)

நடந்தது: பாங்கு சொன்னாங்க. எல்லாரும் குடிச்சாங்க. பாய் காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார். அதையும் குடிச்சுட்டு, "மாப்ள, நாளைக்கும் நீதாண்டா" என்றார். ஜெயிச்சது அவன்தான், ஆனா தெரு முழுக்க நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தது நான்.

பேரீச்சம்பழத்தோட நோன்பு திறந்திருந்த தவ்பீக், எல்லாருக்கும் ஊத்தி முடிச்சப்புறம்தான் தன் கிண்ணத்தை எடுத்தான். உதடு வரைக்கும் கொண்டுபோனான். அங்க பேனாவை மூடிட்டேன்.

அவனுக்கு ருசி தெரிஞ்சுதா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. ஆனா கஞ்சியில உப்பு சரியா இருந்துச்சு. அதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.