வேப்பங்கொம்பும் சிவப்புத் துணியும்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதுவும் என் பயம் இல்லை, சிவபாலனுடையது. செவிலிமேட்டுக்குத் தெற்கே, பாலாற்று மணலில் ஒரு பூங்கா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல், சுண்டல் வண்டி, பலூன் சுடுகிற கடை. கடலே இல்லாத ஊர், ஆனாலும் எல்லோருக்கும் அது ‘பீச்’தான். அதற்கு மேனேஜர் சிவபாலன். ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. சோற்றில் கை வைக்காமல் இதைச் சொன்னார்.

2

தொடக்கம் ஒன்று: அந்த வெள்ளிக்கிழமை காலையில் பாலாறு பொன்னாக மின்னி...

(சீ, வேண்டாம். பயந்துகிடக்கிற மனுஷனுக்கு ஆறு எங்கே மின்னும்?)

தொடக்கம் இரண்டு: பூங்காவின் கோடியில் மணல் அள்ளின பள்ளம் ஒன்று. மழைத் தண்ணீர் நிரம்பி, பார்த்தால் முழங்கால் ஆழம், இறங்கினால் இரண்டு ஆள் ஆழம். கரையில் கால் வைத்தால் பொலபொலவென்று சரியும். வேலி கேட்டு சிவபாலன் மேலிடத்துக்கு நாலு தடவை எழுதினார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். பொறுக்கமுடியாமல் அவரே ஒரு வேப்பங்கொம்பை ஒடித்து நட்டு, வீட்டுத் தறியில் மிச்சமான சிவப்புப் பட்டுத் துண்டைக் கட்டிவிட்டு வந்தார். சிவப்பு என்றால் அபாயம், யாருக்குத்தான் தெரியாது என்று நினைத்தார்.

அட மனுஷா! வேப்பிலை, சிவப்புப் பட்டு, ஓரத்தில் ஜரிகை. இதைப் பார்த்தால் காஞ்சிபுரத்துக்காரி ஓடவா செய்வாள்? செருப்பைக் கழற்றுவாள்.

3

மறுநாளே மஞ்சள் குங்குமம். மூன்றாம் நாள் எலுமிச்சம்பழ மாலை. ஆடி இரண்டாம் வெள்ளிக்குக் கூழ் ஊற்றவே வந்துவிட்டார்கள். யாரும் எட்டிப்பார்க்காத மூலைக்கு இவரே கூட்டம் சேர்த்துவிட்டார். ஏதாவது ஒரு குழந்தை பள்ளத்தில் விழுந்துவிடும் என்று அன்றிலிருந்து மணிக்கொரு தடவை அங்கே ஓடிப்போய்ப் பார்த்தார்.

(கொம்பைப் பிடுங்கிப் போட வேண்டியதுதானே என்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு நாள் விடிந்ததும் போய்ப் பிடித்தாராம். குனிந்து பார்த்தால் தன் காலில் செருப்பு இல்லை. எப்போது கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லையாம்.)

4

இப்போது ஜீவிதா வருகிறாள். ஐயம்பேட்டைக்காரி. மூன்று வயது மகனுக்கு அந்தக் கொம்புக்கு முன்னால் மொட்டை போட்டாயிற்று. குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் எதிரிலேயே கிடக்கிறது. சிவபாலன் ஓடிவந்து மறித்தார். பள்ளம், ஆழம், சரிகிற கரை, எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னார்.

“அது சாமி இல்லம்மா. நான் நட்டது, என் கையால.”

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“உங்க கையால நட வச்சது யாருன்னு நினைச்சிக்கினு இருக்கீங்க சார்?”

அந்த ஒரு நொடி அவரும் நம்பிவிட்டார், அதுதான் கொடுமை.

5

இதற்கு மேல் அவர் எனக்குச் சொல்லவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். பின்னாலேயே போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

முடிவு அ: அவர் பையனைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார். பிள்ளை பிடிக்கிறவன் என்று கூட்டம் அவரைப் போட்டு...

(அடித்தால் அடிக்கட்டும். ஆனால் அவர் கால் அசையவில்லையே, நான் என்ன செய்ய?)

முடிவு ஆ: அவள் கால் பட்டதும் கரை...

இல்லை. இதை நான் எழுதமாட்டேன்.

சிவபாலன் மரமாக நிற்கிறார். நான் காகிதத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடக்கிறாள். கரைக்கு இன்னும் நாலு அடி. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், சும்மா பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அவள் பெயர்தான் தெரியுமே, கூப்பிடுங்கள்.