ஆறு கட்டத்தில் எங்கள் ஊர்

விஞ்ஞானப் படங்களில் ஒரு ஊரை அடக்கி வைக்க இயந்திர மனிதன், பறக்கும் தட்டு, ஆயிரம் கோடி செலவு எல்லாம் வேண்டியிருக்கிறது. எங்கள் ஊருக்கு ஆறு கேமராவும் மொக்கைச்சாமிப் பெரியப்பாவும் போதும்.

அவர் ஊர்க் கமிட்டித் தலைவர். திருட்டைத் தடுக்க என்று சொல்லித்தான் கேமரா மாட்டினார். அதற்குப் பிறகும் திராட்சைத் தோட்டத்து மோட்டார்கள் களவு போயின. கேமராவில் சிக்கியது என் தங்கச்சி சினேகா மட்டும். பேருந்து நிறுத்தத்தில், கூடப் படிக்கும் மாரிசெல்வத்தோடு ஒரு போண்டாவைப் பிய்த்துத் தின்றாள். கமிட்டிப் பொருளாளர் ஈஸ்வரபாண்டி அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். போண்டாவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு. திருவிழாவுக்கு மறுநாள் கூட்டம் போட்டு விசாரிப்பார்களாம்.

"கூட்டத்துல தலகுனிய வச்சாகன்னா, அதோட காலேஜு கெடையாது" என்று அப்பா சொல்லிவிட்டார். சினேகா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். படித்தது காட்சித் தொடர்பியல். ஊர்க்காரர்களுக்கு அது கல்யாண வீடியோ எடுக்கிற படிப்பு. பெரியப்பா போனில் கேமரா ஆப்பை ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். திருவிழாவுக்குத் திரை கட்டிப் படம் போடும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

"என்ன படம்த்தா, சாமி படமா?" என்றார் பெரியப்பா.

"இல்ல பெரியப்பா, டப்பிங் படம். ஊரு பூரா கேமரா வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாக."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிப் போடு! வெள்ளக்காரனே வச்சிருக்கான்ல. இடைவேளையில நம்ம கேமராவையும் தெரையில காட்டு. சனங்க பாக்கட்டும்."

நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இது தோன்றியிருக்காது.

பொழுது சாய்ந்ததும் படம் ஓடியது. ஊர் வழக்கப்படி திரைக்கு முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். எங்களுக்கு எல்லாக் கதாநாயகனும் இடது கைக்காரன்தான். படத்தில் ஒரு நகரம். அங்கே போலீசே கிடையாது. யார் யாரோடு சிரித்தார்கள் என்பதைத் தெருச் சுவர்கள் படமாகக் காட்டும். மிச்சத்தை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள்.

"இதுக்குப் போயி வெளிநாட்டுப் படமா? நம்ம ஊருலயே எடுத்திருக்கலாமேடி ஓவியா" என்றாள் சந்தனம்மாள் மதினி. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வேலை பார்க்கிறவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

இடைவேளையில் பெரியப்பா திரைக்கு முதுகைக் காட்டி நின்று மைக்கைப் பிடித்தார். நான் மடிக்கணினியில் கேமராவைத் திறந்தேன். திரையில் ஆறு கட்டங்கள் விரிந்தன. பேருந்து நிறுத்தம், குடிதண்ணீர்க் குழாய், பெண்கள் பள்ளிக்கூடச் சந்து, ஜீப் நிற்குமிடம், துணி துவைக்கும் படி, ரேஷன் கடை.

"இதுதான் நம்ம ஊரோட கண்ணு..." என்று அவர் தொடங்கும்போதே, முதல் கட்டத்துக்குள் ஈஸ்வரபாண்டி நடந்து வந்தான். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருந்த சுவரைப் பார்த்து நின்றான். வேட்டியைத் தூக்கினான்.

அந்தக் கட்டத்தை மட்டும் பெரிதாக்கினேன். யாராவது கேட்டால் கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஆளுயரத்துக்கு மேல் நின்றது அந்த முதுகு. அவசரமே இல்லை. முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற பைக் கண்ணாடியில் தலையை வேறு வாரிக்கொண்டான்.

"ஏலே ஈஸ்வரா, கையக் கழுவுலே!" என்று கத்தினாள் மதினி. அவன் அவளுக்குக் கொழுந்தன் முறை. கேலி செய்ய உரிமை உண்டு. முன்பக்கம் பின்பக்கம் என்றில்லாமல் ஊரே சிரித்தது. அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

சிரிப்பு ஓய்வதற்குள் மதினி எழுந்தாள். "மாமா, ஆறும் நாங்க போற வார எடமாவே இருக்கு. ஒயின்ஷாப்புப் பாதை எங்க? நீங்க சீட்டாடுற கமிட்டி ரூமு எங்க?"

பெரியப்பா உண்மையாகவே குழம்பிவிட்டார். "அங்கன எதுக்குத்தா கேமரா? அங்கன ஆம்பளைகதான இருக்காக?"

மைக் அணையவில்லை. அந்த வாக்கியம் நான்கு தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது.

பெண்கள் ஒவ்வொருவராகத் திரையைச் சுற்றி முன்பக்கம் வந்து நின்றார்கள். சிரிப்பு நின்றுபோனது.

"நாளைக்குப் போண்டாவ விசாரிங்க மாமா" என்றாள் மதினி. "அப்பிடியே இதையும் விசாரிங்க. ரெண்டும் ஒரே பஸ் ஸ்டாப்புதான்."

மறுநாள் கூட்டம் நடக்கவில்லை. பொருளாளருக்குக் காய்ச்சலாம்.

திங்கட்கிழமை சினேகா பையை மாட்டினாள். அப்பா அவளைப் பார்க்காமல் சொன்னார்: "போண்டா வாங்குனா ஆளுக்கொண்ணு வாங்குங்க. பிச்சுத் திங்காதீக."

பேருந்து கிளம்பிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெரியப்பா போனில் வந்தார்.

"ஆத்தா ஓவியா, பஸ் ஸ்டாப்பத் தொட்டா எதுத்தாப்புல கமிட்டி ரூமு தெரியுது. என் கையில இருக்க சீட்டுகூடத் தெரியுதுத்தா! பள்ளிக்கூடச் சந்தத் தொட்டா வானந்தான் தெரியுது. என்ன இது?"

எங்கள் வாசலில் சந்தனம்மாள் மதினி முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தாள். துரட்டி முனையில் சுவர்ச் சுண்ணாம்பு.

"விஞ்ஞானம் பெரியப்பா" என்றேன். "பழகிக்கங்க."